பவர் கொடுத்தவள்

செங்குடிப் பதிவகத்தில் அன்று காலை நாற்பத்தொரு பேர் பத்திரம் எழுத வந்திருந்தார்கள். உடம்போடு வந்தவள் கோமதி ஒருத்திதான். மற்ற நாற்பது பேரும் நகலிகளாக வந்திருந்தார்கள். ஆளுக்கொரு விளக்குப் புள்ளியாகச் சுவரில் மினுங்கி, விற்று, வாங்கி, சண்டை போட்டு, சமாதானமாகி, வேலை முடிந்ததும் அணைந்துபோனார்கள். உட்கார ஒரு நாற்காலிகூட அங்கே கிடையாது. செவ்வாயில் யார் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வருகிறார்கள்?

நகலி என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஐந்து வயதில் காதுக்குப் பின்னால் எள்ளளவு மணி ஒன்றை வைப்பார்கள். நாம் பேசுவதையெல்லாம் அது கேட்டுக்கொண்டே இருக்கும். பதினெட்டு வயதாகும்போது, நாம் எதற்கு என்ன பதில் சொல்வோம் என்று நம்மைவிட நன்றாக அதற்குத் தெரிந்துவிடும். அப்புறம் நமக்குப் பதிலாக அதுவே பேசும், கையெழுத்துப் போடும். இந்த ஆள் கட்டாயம் ஒத்துக்கொள்வார் என்று நிச்சயமாகிவிட்டால் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காது. அந்த நிச்சயம்தான் கோமதியின் தலையில் மண்ணை வாரிப் போட்டது.

அவளுடைய அப்பா தோண்டிய பனிக்கிணறு ஒன்று உண்டு. தரைக்கு நூறடி அடியில் உறைந்து கிடக்கும் தண்ணீர். அதில் பாதி அண்ணன் சங்கரலிங்கத்துக்கு, பாதி அவளுக்கு. அண்ணன் ஒரு நாள் அவளுடைய நகலியைக் கூப்பிட்டு, உன் பங்கை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்துவிடு என்றான். நகலி "சரிண்ணே" என்றது. மறுநாளே அந்தப் பவரை வைத்து அவள் பங்கைத் தன் பெயருக்கே மாற்றி எழுதிவிட்டான். ஆட்சேபணை சொல்ல ஏழு நாள் கெடு. தண்ணீர் பிடிக்கும் இடத்து அறிவிப்புப் பலகையில் கோமதி தன் பெயரைப் பார்த்தபோது ஆறு நாள் ஓடிவிட்டிருந்தது.

அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? புருஷன் சுரங்கத்தில் செத்து நாலு மாதம். பிள்ளை குட்டி இல்லை. குடியிருக்கும் அறை சுரங்கத்துக்குச் சொந்தம். மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். நீருரிமை இல்லாதவருக்குச் செங்குடியில் வேறு அறை கிடையாது, அடுத்த கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள். செவ்வாயின் பாரம் குறைந்த தரையில் வளர்ந்த எலும்பு அவளுடையது. பூமியில் இறங்கினால் எழுந்து நிற்க முடியாது, மிச்ச ஆயுசும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதெல்லாம் அண்ணனுக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தான் அந்தப் புண்ணியவான்.

அவள் முறை வந்தது. பத்திரங்களைப் பதியும் பதிவி என்கிற எந்திரம் மரியாதைக்குக் குறைவே வைக்கவில்லை. மோசடி எதுவும் நடக்கவில்லை அம்மா, நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ அதைத்தான் உங்கள் நகலி சொல்லியிருக்கிறது என்று ஆதாரம் காட்டியது. விமானிப் படிப்பில் வீட்டுக்கு ஒரே இடம் என்று வந்தபோது, அது எனக்கு என்றான் அண்ணன், சரிண்ணே. இந்த மாப்பிள்ளைதான் என்றான், சரிண்ணே. அம்மாவின் வளையல் உன் மதினிக்கு இருக்கட்டும் என்றான், அதற்கும் சரிண்ணே. முப்பத்து மூன்று வருஷத்துச் சரிண்ணேக்களை எந்திரம் அவள் குரலிலேயே வரிசையாகப் போட்டுக் காட்டியது. அண்ணன்மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி அவளுக்குத் தன்மேலேயே திரும்பியது. இந்த வாயை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் என்ன செய்தேன் என்று அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இப்போது உங்களையே கேட்கிறேன். இந்த மாற்றத்துக்குச் சம்மதமா?"

"முடியாது."

"கோமதி தன் அண்ணன் கேட்ட எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. உங்கள் பதில் அவரோடு இரண்டு சதவீதம்தான் பொருந்துகிறது. நீங்கள் கோமதிதானா என்று சந்தேகமாக இருக்கிறது," என்றது பதிவி.

இரத்தத்தைச் சோதியுங்கள் என்றாள். ஆளைப் போலவே ஆளை வளர்த்தெடுக்கிற காலத்தில் இரத்தத்தை யார் நம்புவார்கள்? உடம்புக்கும் நகலிக்கும் தகராறு வந்தால் கூடப்பிறந்தவர் நேரில் வந்து அடையாளம் சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம். அரைமணி நேரத்தில் சங்கரலிங்கம் வந்து சேர்ந்தான். வந்தவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மானம் போச்சு, மரியாதை போச்சு, நாளைக்கு நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று எந்திரத்திடம் பொரிந்து தள்ளினான். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்:

"எங்க கோமதி வாயே திறக்க மாட்டா. பங்கு கேட்டு ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கிறவ எனக்குத் தங்கச்சியே கிடையாது. எழுதிக்கோங்க."

எந்திரம் எழுதிக்கொண்டது. கோபத்தில் பேசுகிற பேச்சுக்கும் சாட்சிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

"பதிவாகிவிட்டது. செங்குடியில் இருக்கும் ஒவ்வோர் உடம்பையும் சரிபார்த்தேன். இவர் கோமதி இல்லையென்றால், கோமதி என்று வேறு யாரும் இங்கே உயிரோடு இல்லை. எனவே அவர் இறந்துவிட்டார். ஏழு நாள் கெடு முடிவதற்குள் பவர் கொடுத்தவர் இறந்தால் பவர் செல்லாது. உங்கள் பத்திரம் ரத்து. பிள்ளையில்லாதவர் பங்கு பொதுத்தொட்டிக்குப் போகும்."

சங்கரலிங்கத்துக்கு முகம் வெளிறிவிட்டது. ஐயையோ, ஆத்திரத்தில் வாய் தவறிவிட்டது, இவள் என் தங்கைதான், ஒரே வயிற்றில் பிறந்தவள், நான் தூக்கி வளர்த்த பிள்ளை என்று படபடத்தான். பவரைக் காப்பாற்றும் அவசரத்தில் அடுத்து என்ன வரும் என்று யோசிக்கவில்லை.

"அப்படியானால் இவர் முடியாது என்று சொன்னது செல்லும். பாதிக் கிணறு இவருடையது," என்றது பதிவி.

தங்கை இல்லை என்றதும் தண்ணீருக்காக, தங்கைதான் என்றதும் தண்ணீருக்காக. கோமதி தன் நகலியிடமிருந்து கையெழுத்து உரிமையைப் பிடுங்கிவிட்டு வெளியே வந்தாள். நகலியையே அழிக்கச் சொல்லிப் பார்த்தாள். உயிரோடு இருப்பவரின் நகலியை அழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள்.

அறை கிடைத்தது. தன் பங்குத் தண்ணீரைத் தானே காய்ச்சிக் குடித்தாள். ஆனால் செங்குடியே அண்ணன் பக்கம் சேர்ந்துகொண்டது. கூடப்பிறந்தவனைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாளே என்று அவள் காதுபடவே பேசினார்கள். தையில் சங்கரலிங்கத்தின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. கோமதிக்கு அழைப்பு வரவில்லை.

கல்யாணத்துக்குப் போய்வந்த பக்கத்து அறைக்காரி பார்வதி பலகாரப் பொட்டலத்தோடு கதவைத் தட்டினாள். மணமேடையில் அத்தை உட்காருகிற இடத்தில் கோமதியின் நகலியை ஏற்றி வைத்திருந்தார்களாம். மாப்பிள்ளை அதன் முன்னால் விழுந்து கும்பிட்டானாம். அண்ணன் கண்கலங்கிப் பேசப் பேச, அது ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு பதவிசாகப் பதில் சொன்னதாம்.

"வந்தவங்க அத்தனை பேரும் உங்களைத்தான் பாராட்டினாங்க," என்றாள் பார்வதி. "கோமதி திருந்திட்டா, பழையபடி தங்கமான பொண்ணாயிட்டான்னு."