உள்பக்கம் மாட்டிய பித்தளைக் கை

கதவைத் தட்டுவதற்கான பித்தளைக் கை, கூடத்தை ஒட்டிய அறைக்கு உள்ளே இருந்தது. தாழ்ப்பாள் கூடத்தின் பக்கம் இருந்தது. குடிவந்த அன்றே ஜஸீலாவுக்கு அது உறுத்தியது. யாங்கூனின் நடுவில் இவ்வளவு குறைந்த வாடகைக்கு மாடி கிடைத்த பூரிப்பில், "பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும்" என்று கணவன் ரிஹான் அவள் வாயை அடைத்துவிட்டான்.

அந்தக் கதவின் கதையைச் சொன்னது வீட்டுக்கார அம்மாள் டோ கின். துருக்கி சுல்தான் ஆண்ட ஸ்மிர்னா துறைமுகத்தில் ஓர் ஆங்கிலேய வணிகக் குடும்பமும் ஒரு பிரெஞ்சுக் குடும்பமும் அடுத்தடுத்த வீடு. அத்திப்பழ வியாபாரத்தில் போட்டி. ஆனாலும் ஒரே மேசையில் சாப்பாடு. பிரான்சோடு சுல்தானுக்குப் பகை மூண்ட இரவில், பிரெஞ்சுக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு ஓடிவந்து ஆங்கிலேயர் வீட்டு வாசலிலிருந்த இந்தக் கதவைத் தட்டினார்கள். மேலே ஆங்கிலக் கொடி பறந்தது. உள்ளே வந்துவிட்டால் சிப்பாய்கள் தொட முடியாது. ஆங்கிலேயர்கள் திறக்கவில்லை. வாசலில் நின்றவர்கள் விடியலைப் பார்க்கவில்லை. வியாபாரம் மொத்தமும் அவர்கள் கைக்கு வந்தது. தட்டல் மட்டும் ஓயவில்லை. பின்னால், அப்போது ரங்கூன் என்றிருந்த இந்த ஊருக்கு வந்த வாரிசுகள் குடும்பப் பெருமைக்காகக் கதவையும் கப்பலில் ஏற்றிவந்து, வெளியிலிருந்து யாரும் தட்டக்கூடாதென்று திருப்பி மாட்டினார்கள்.

போன வாரம், ஆளில்லாத அந்த அறைக்குள்ளிருந்து தட்டல் கேட்டது. மெதுவாக, கெஞ்சுவதுபோல. "அது தட்டினா நீங்க திறக்கவே கூடாது. புள்ள மேல சத்தியம் பண்ணுங்க" என்று ஜஸீலா ரிஹானிடம் வாக்கு வாங்கினாள்.

இன்று அந்தி மழையில் மின்சாரம் போனது. "மெழுகுவத்தி வாங்கிட்டு வந்திர்றேன்" என்று சமையலறையிலிருந்த ரிஹானுக்குக் குரல் கொடுத்தவள், அந்த அறையில் மாட்டியிருந்த குடையை ஒரே எட்டில் எடுத்துவிடலாமென்று உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

போன் கூடத்தில் கிடந்தது. சன்னல் பலகைகளில் மழை அறைந்துகொண்டிருக்க, ஈரக் கம்பளி வாடையும் நசுங்கிய அத்திப்பழத்தின் புளித்த இனிப்பும் இருட்டோடு சேர்ந்து ஏறிவர, ஓடிவந்தவர்கள் மூச்சு வாங்கும் சத்தம் மூலையிலிருந்து மெல்ல மெல்ல அவள் முதுகு வரை நெருங்கியது.

கத்தினாள். தன் குரல் தன் காதிலேயே விழவில்லை. பித்தளைக் கையைப் பிடித்துத் தட்டினாள்.

வெளியே மகளின் குரல் கேட்டது. "வாப்பா, யாரோ தட்டுறாங்க."

"யாருமில்லம்மா. இங்க வா."

"உம்மா எங்க?"

"கடைக்குப் போயிருக்கா. வந்திருவா."

மறுபடி தட்டினாள். ரிஹான் சொன்ன சொல் தவறாதவன். அதற்காகவே அவனைக் கட்டிக்கொண்டவள் அவள். கூடத்தில் நாற்காலியை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

கை ஓய்ந்தது. நிறுத்தினாள்.

அவள் விரல்கள்மேல் ஒரு சின்னக் கை படிந்தது. சில்லென்று. அதன்மேல் இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் சேர்ந்து பித்தளையைத் தூக்கின. மெதுவாகத் தட்டின.