பூட்டிய காகித அறை

மதியம் 2.10. காரைக்குடியில் அன்று மாலை திறக்கவிருந்த உணவகத்தில், பூட்டிய அறைக்குள் இருந்த தேநீர்க் கிண்ணத்தைக் காணவில்லை. பூட்டு உடையவில்லை. அறைக்குச் சுவராக நின்ற காகிதக் கதவுகளில் ஒரு கீறல்கூட இல்லை.

விசாரிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டர் நாகவல்லி உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டாள். எதிரே, முழுநிலாவை அளவெடுத்து வெட்டியதுபோல ஒரு வட்ட வாசல். அதற்கப்பால் சீனக் கூடம். சிவப்புத் தூண்கள் கூரையைத் தொட்டன. ஜன்னல்களில் மரப்பின்னல் வெளிப்பக்கம், காகிதம் உட்பக்கம். 

கூடத்தின் கோடியில் ஜப்பானிய அறை. பூட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே போனாள். அங்கே எல்லாம் அடங்கிக் கிடந்தது. கோரைப்பாய், ஒற்றைப் பூ, பால்போல வடிந்து வரும் வெளிச்சம். கதவுகளின் மரக்கட்டங்கள் உள்ளே தெரிந்தன. காகிதம் வெளியே இருந்தது. நாகவல்லி அவற்றின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே நடந்தாள். கட்டம், கட்டம், கட்டம். கடைசிக் கதவில் விரல் வழுக்கியது.

"உடைஞ்சதைப் பொன்னு வச்சு ஒட்டின கிண்ணம் மேடம்," என்றார் உரிமையாளர் புஷ்பவள்ளி. "ஜப்பான்லருந்து பச்சப்பிள்ளையாட்டம் மடியில வச்சு கொண்டாந்தேன்."

"சாப்பாட்டு நேரத்துல யாரு இருந்தாக?"

மூன்று பேர். சாவி வைத்திருந்த தச்சர் பாண்டிமுருகன். ஜப்பானிய அறை அவர் கைவேலை. சீனக் கூடத்தின் தச்சர் வேல்பாண்டி. இரண்டையும் வரைந்த சென்னை வடிவமைப்பாளர் ஹரீஷ். மூவரின் பைகளையும் போலீசார் கொட்டிப் பார்த்தாயிற்று.

"சாவி யாருகிட்டயும் போச்சா?"

"இல்லம்மா. இடுப்புலயேதான் இருந்துச்சு." பாண்டிமுருகன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "நாளைக்கு மகளுக்கு நிச்சயம். நான் ஸ்டேஷன்ல உக்காந்தா மாப்பிள்ள வீட்டுக்காரக வாசப்படி ஏற மாட்டாக."

"ஹரீஷ் சார்?"

"போன்ல இருந்தேன். கிண்ணத்தை எடுக்கிற ஆளா நான்? அதுக்காகவே அந்த அறையை வரைஞ்சவன் மேடம்."

வேல்பாண்டி ஒரு வாளியின் அருகில் உட்கார்ந்திருந்தார். "நேத்தே எல்லா ஜன்னலும் ஒட்டி முடிச்சிட்டேன். இன்னைக்கு தூசி தட்டுற வேலைதான். சாவி அவருகிட்ட. அப்புறம் எங்களைக் கேட்டு என்னத்துக்கு?"

நாகவல்லி வாளியை எட்டிப் பார்த்தாள். விளிம்புவரை மைதாப் பசை. பிறகு பாண்டிமுருகனிடம் திரும்பினாள்.

"அண்ணே, பூட்டைத் தொடாம இந்தக் கடைசிக் கதவைக் கழட்ட முடியுமா?"

அவர் தலை குனிந்தது. "முடியும். கதவு ஓடுற மேல் தடம் ஆழம், கீழ்த் தடம் ஆழமில்ல. தூக்கினா கையோட வந்துரும். சொன்னா எம்மேலதான் விழும்னு வாயத் தொறக்கல."

தூக்கினார். ஆளுயரக் கதவு கொக்கு இறகைப்போல வந்துவிட்டது. பூட்டு அசையாமல் தொங்கியது. புஷ்பவள்ளி வாயில் கைவைத்தார்.

"திருடனும் இப்படித்தான் தூக்கியிருக்கான்," என்றாள் நாகவல்லி. "திரும்ப மாட்டினப்பதான் கை பழகின பக்கம் போயிருச்சு. மத்த கதவுலயெல்லாம் காகிதம் வெளிய. இதுல மட்டும் உள்ள. ஜப்பான்காரக வழி ஒண்ணு, சீனாக்காரக வழி ஒண்ணு. வரைஞ்சவரும் செஞ்சவரும் அவசரத்துலகூட மாத்த மாட்டாக. மாசக்கணக்கா உள்பக்கமே காகிதம் ஒட்டின கைதான் மாத்தும்."

வேல்பாண்டி எழுந்தார்.

"உக்காருங்க. ஒட்ட ஒரு ஜன்னலும் இல்லாதப்ப வாளி நிறையப் பசை எதுக்கு?"

அவள் முழங்கைவரை கையைவிட்டாள். பசை வழிய வழியக் கிண்ணம் வெளிவந்தது. புறங்கையால் துடைத்ததும் விரிசல்கள் மின்னல் கீற்றுகளாய் ஒளிர்ந்தன. 

"வித்துத் திங்க எடுக்கல. பாண்டிமுருகன் மேல பழி விழட்டும்னுதான் எடுத்தேன்," என்றார் வேல்பாண்டி.  "அடுத்த ஓட்டல் வேலையும் அவனுக்குத்தான்னு பேச்சு. வாரவுகளெல்லாம் அவன் ரூமைத்தான் கும்பிடுறாக. எம் வட்ட வாசலை யாராச்சும் நின்னு பாத்தீகளா?"

"நான் நின்னு பாத்தேன்," என்றாள் நாகவல்லி. "அதுக்காக ஒரு பொண்ணோட கல்யாணத்தை அழிக்கலாமா?"

போலீசார் அவரை அழைத்துப்போனார்கள்.

பாண்டிமுருகன் பாயில் உட்கார்ந்து வீட்டுக்கு போன் போட்டார்.

"காளீஸ்வரி, பூவு நானே வாங்கிட்டு வந்துர்றேன்." மறுமுனையில் மகள் ஏதோ கேட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தொண்டையா? ஒண்ணுமில்ல. இங்குட்டு ஒரே மரத்தூளு."