கருப்பட்டியின் வலது கால்

கருப்பட்டி எகிறிக் குதித்த வேகத்தில் பிலோமினாவின் கையிலிருந்த ஈரல் கிண்ணம் தெறித்துச் சுவரில் மோதியது. அவள் முழங்காலில் சறுக்கிப் போய் நாயின் கழுத்துவாரை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினாள். பின்னால் ஓடுபட்டை, ஓட ஆளில்லாமல் தானாக உருண்டுகொண்டிருந்தது. எச்சரிக்கை மணி அலறியது.

"எத்தனை நிமிஷம், ரியாஸ்?"

"பதினோரு செகண்டு."

"நிமிஷம் கேட்டேன்."

"நிமிஷமே ஆகலைக்கா."

கட்டுப்பாட்டு மேசையில் இருந்த ரியாஸ் மணியை அணைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று இருபத்தைந்து. பகல் பன்னிரண்டுக்குள் இந்த நாய் இருபது நிமிடம் நிற்காமல் ஓடியாக வேண்டும். பழக்குவதற்குக் கொடுத்த எட்டு நாள் கெடு முடிந்து, ஏற்கெனவே இரண்டு நாள் தவறிவிட்டது. மூன்றாவது நாளும் தவறினால் இணைப்பைக் கழற்றிவிடுவார்கள். விதி அப்படி. கழற்றினால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடக்கும் திருமேனியின் மூச்சு சாயங்காலம் வரைகூடத் தாங்காது.

தடுப்பின் மேல் நெற்றியை ஒட்டவைத்து நின்றிருந்தாள் அவர் மனைவி அங்கயற்கண்ணி. வாய் அசைந்தது. ஒலிப்பெட்டி வழியாகக் குரல் வந்தது.

"டீச்சரம்மா, அவனை ஒரு அதட்டு அதட்டுங்களேன்."

"அதட்டினா ஜென்மத்துக்கும் ஏற மாட்டான்மா. நீங்க உக்காருங்க."

மதுரைக்குத் துடிப்பிணைப்பு வந்து ஆறு வருடம் ஆகிறது. மூளையில் ரத்தம் கசிந்து நினைவு தப்பியவர்களுக்கு மருந்தும் குழாயும் செய்ய முடியாததை ஒரு நாயின் ஓட்டம் செய்தது. ஓடும் நாயின் முதுகுத்தண்டில் எழும் சீரான தாளத்தை ஒரு சில்லு வாங்கி, நோயாளியின் பிடரியில் பதித்த இன்னொரு சில்லுக்கு அனுப்பும். அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, நிற்கப்போன மூச்சு மறுபடி நடக்கும். ஒரு நோயாளிக்கு ஒரு துணைநாய். பாதியில் மாற்ற முடியாது. தெருவில் ஓடவிட்டால் தாளம் சிதறிவிடும், அதனால்தான் ஓடுபட்டை.

சில நாய்கள் ஏற மறுக்கும். அப்போது பிலோமினாவைக் கூப்பிடுவார்கள். போலீஸ் நாய்ப்படையில் எட்டு வருடம் இருந்தவள். இந்த ஆஸ்பத்திரியில் மட்டும் பத்தொன்பது முரட்டு நாய்களைப் பட்டையில் ஏற்றியிருக்கிறாள். ஒன்றைக்கூட அடித்ததில்லை, கட்டி இழுத்ததில்லை. அவளுக்கு ஒரே ஒரு வேதம்தான். நாய் மறுத்தால், அது பயம். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக் கொடுத்தே தீர்க்கலாம்.

கருப்பட்டி இருபதாவது. செம்பழுப்பு நிறக் கோம்பை இன நாய், இரண்டரை வயது. பதினோரு நாளாகப் போராட்டம்.

"பேருல இருக்கிற இனிப்பு குணத்துல இல்லையேக்கா," என்றான் ரியாஸ். "நின்ன பட்டையில ஏறிப் படுத்துத் தூங்குறான். இணைப்பு இல்லாம விட்டா கல்யாணக் குதிரை மாதிரி ஓடுறான். இணைப்பைப் போட்டதும் பேயைப் பார்த்த மாதிரி குதிக்கிறான். அது ஏன்?"

"சில்லு கூசும்டா. புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி. பழகணும்."

அவளே பத்தொன்பது தடவை சொல்லிப் பழகிய பதில் அது.

அவள் சிதறிய ஈரலைப் பொறுக்கினாள். நாயை மெல்ல நடத்தி, நிற்கும் பட்டையில் ஏற்றினாள். ஒரு துண்டு. உட்காரவைத்தாள். இன்னொரு துண்டு. கைப்பிடியில் வாரைக் கட்டவில்லை. கட்டினால் விழும்போது கழுத்து இறுகும். தன் தோளை நாயின் விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டாள்.

"இணைப்பு."

ரியாஸ் விசையைத் தட்டினான். கருப்பட்டியின் காது பின்னால் மடிந்தது.

"ஒண்ணுல வை."

பட்டை எறும்பு வேகத்தில் நகர்ந்தது. நாய் நான்கு எட்டு வைத்தது. ஐந்தாவது எட்டில் அது மறுபடி வந்தது, அந்த விசித்திரமான பழக்கம். வலது முன்னங்காலை விறைப்பாக நீட்டி, பட்டையை அழுத்தி மிதித்தது. எடுத்தது. மறுபடி மிதித்தது. தரைக்குள் எதையோ இறக்கிவிடுவதுபோல. அந்த மிதியில்தான் ஓட்டம் தடுமாறும், உடம்பு சாயும், உடனே பாய்ச்சல்.

பிலோமினாவுக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. இத்தனை நாளும் ஓடினால் ஈரல் கொடுத்தாள். ஓட்டத்தை விடு. மிதியை எடுத்துவிட்டால் என்ன?

வலது கால் அழுத்தாமல் ஒரு எட்டு போனால் ஈரல். அழுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கோபமில்லை, சத்தமில்லை. நான் இங்கே இல்லை, அவ்வளவுதான். நாய்க்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

மிதித்தது. திரும்பிக்கொண்டாள். மிதித்தது. திரும்பிக்கொண்டாள். நாயின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. அவள் பார்க்கவில்லை. பிறகு ஒரு எட்டு, மிதிக்காமல்.

"என் ராசா," என்று ஈரலை ஊட்டினாள். "இந்தா, இன்னொண்ணு."

பத்து நிமிடத்தில் மிதி பாதியாகக் குறைந்தது. பதினொன்று முப்பத்தேழுக்கு முற்றிலும் நின்றது.

"வேகம் நாலு."

கருப்பட்டி ஓடியது. கண்கள் எங்கோ வெறித்திருந்தன. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. ஆனால் கால்கள் நான்கும் கடிகாரம்போல விழுந்தன. அந்தப் பக்கம் திருமேனியின் மார்பு அதே தாளத்தில் ஏறி இறங்கியது. அங்கயற்கண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பதினொன்று ஐம்பத்தேழுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

பிலோமினா தரையில் சாய்ந்து உட்கார்ந்து, நாயின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். "முடிஞ்சுதுடா. இனிமே ஒண்ணுமில்லை."

திரையில் உத்தரவு தானாகவே வந்து விழுந்தது. துணைநாய் பழகிவிட்டது. நாளை முதல் வேகம் எட்டு. நேரம் நாற்பது நிமிடம்.

ரியாஸ் அதைப் படிக்கவில்லை. வேறொரு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இங்க வாங்க."

"டேய், ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன்."

"குடிக்க மாட்டீங்க. வாங்க."

திரையில் இரண்டு கோடுகள். மேலே நாயின் முதுகுச்சில்லு. கீழே நோயாளியின் பிடரிச்சில்லு. காலைப் பதிவில் கூர்மையான ஒரு முள் திரும்பத் திரும்ப எழுந்திருந்தது.

"இது பயம். இப்படித்தான் எழும்னு நீங்களே எனக்குக் காட்டியிருக்கீங்க."

"ஆமா. நாயோட பயம்."

"கீழ்க்கோட்டுல முதல்ல எழும்புது. அரை செகண்டு கழிச்சுத்தான் மேல்கோட்டுக்கு வருது." அவன் குரல் இறங்கியது. "சில்லுக்கு ஒரு திரும்புவழி இருக்குக்கா. அதை யாரும் மூடலை. நினைவே இல்லாத ஆள்கிட்டேருந்து என்ன வந்துடப்போகுதுன்னு விட்டுட்டாங்க."

பிலோமினா கோட்டைப் பார்த்தபடி நின்றாள். பதினொன்று முப்பத்தேழுக்குப் பிறகு நாயின் கோட்டில் முள் இல்லை, தட்டையாக இருந்தது. கட்டிலின் கோட்டிலும் இல்லை.

"அடங்கிடுச்சு," என்றாள்.

"அடங்கலைக்கா. பயப்படுறதை நிறுத்திட்டா இப்படித் தட்டையா வராது. ஏத்த இறக்கம் இருக்கும். இது கேட்டுக் கேட்டுப் பார்த்துட்டு விட்டுட்ட மாதிரி இருக்கு." பழைய கோப்புப் பட்டியலைத் திறந்தான். "அந்தப் பத்தொன்பது பேரோட பதிவையும் எடுக்கவா?"

அவள் தடுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அங்கயற்கண்ணி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கணவரின் வலது பாதத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பிலோமினாவைக் கண்டதும் எழுந்து, ஈரல் வாடை அடிக்கும் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் டீச்சரம்மா. பதினோரு நாளா இவருக்கு இந்த ஒரு கால் மட்டும் விறைச்சு விறைச்சு அமுக்கிட்டே இருந்துச்சு. நரம்புத் துடிப்புன்னு நர்சம்மா சொன்னாங்க. எனக்குத்தான் தெரியும். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டின மனுசன். வீட்டுல தூக்கத்துல கெட்ட கனா கண்டா இப்படித்தான், வலது காலால பிரேக்கை மிதிப்பாரு. கண்ணு தெரியாத இருட்டுல வண்டி பாட்டுக்கு ஓடுற மாதிரி கனவு வரும்னு சொல்லுவாரு."

அவள் அந்தப் பாதத்தை மெல்லத் தூக்கி, அசையாமல் கிடப்பதைக் காட்டினாள்.

"இன்னைக்குத்தான் மிதிக்கலை."