பன்னுவின் வயிற்றுக்குள்ளே

மழையில் தலையைக் குனிந்துகொண்டு ஓடினால் எதிரே வருபவர் எங்கே தெரியப்போகிறார்... மருத்துவமனை வாசலில் அவள் நேராக ஒரு நெஞ்சில் போய் மோதினாள். கையிலிருந்த பனிக்கட்டிப் பெட்டி திறந்துகொள்ள, சின்னக் குப்பி ஒன்று உருண்டோடியது.

அவன்தான் பாய்ந்து எடுத்தான். முகமெல்லாம் மழை வழிய, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"நல்ல மஞ்சள் நிறம்... கஸ்டர்டுங்களா?"

"குழந்தையோட ஆய்."

குப்பி மறுபடியும் விழப் பார்த்தது. ஏற்கெனவே பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. சிரிக்கக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்தாள்... முடியவில்லை.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளின் குடலில் என்னென்ன நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன, அவை ஏன் குழந்தைக்குக் குழந்தை மாறுகின்றன என்று ஆராய்வதுதான் அவள் வேலை. மறுநாள், ஆய்வில் புதிதாகச் சேர்ந்த ஒரு தாயின் வீட்டுக்கு மாதிரி வாங்கப் போனாள். கதவைத் திறந்தவை... அதே கண்கள்.

"அக்கா, ஆய் டாக்டர் வந்திருக்காங்க."

விடியுமுன் பேக்கரியில் மாவு பிசைவான். மதியம் அக்கா கண்ணயரும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்வான். கன்னம் உப்பிய அந்தப் பயலுக்குப் பன்னு என்று பெயர் வைத்ததும் இந்த மாமன்தான். அவள் வாரந்தோறும் போனாள். அவனும் வாரந்தோறும் ஒரு கிண்டலைத் தயாராக வைத்திருந்தான். மாதிரிக்காகத்தானே போகிறோம் என்று சொல்லிக்கொண்டே கண்ணாடி முன் கூடுதல் நேரம் நின்றாள்... யாரை ஏமாற்ற?

பன்னுவின் பரிசோதனை முடிவுதான் வம்பை இழுத்துவிட்டது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் மற்றக் குழந்தைகளோடு அது ஒட்டவே இல்லை. அக்காவிடம் ஒவ்வொன்றாக விசாரித்தாள். சுகப்பிரசவம்தான். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. வீட்டில் வேறு குழந்தையோ நாயோ பூனையோ கிடையாது.

"இடையில புட்டிப்பால் ஏதாவது..."

"ஒரு சொட்டுகூட இல்ல." அக்காவின் முகம் வாடிப்போனது. "அப்போ என் பால்லதான் ஏதோ குறையா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க..." என்று அவள் தொடங்குமுன் அவன் எழுந்துவிட்டான்.

"எங்க அக்கா பொய் சொல்றாங்கன்னு சொல்ல வர்றீங்களா? போதுங்க. இனிமே வர வேண்டாம்."

"சரி. குழந்தைய ஆய்வுல இருந்தே எடுத்துடறேன்."

வீறாப்பாகத்தான் படியிறங்கினாள். தெருமுனை வரை அடங்கியிருந்த கண்ணீர் பேருந்தில் ஏறியதும் பொத்துக்கொண்டது. அவன் பேச்சு சுட்டது ஒரு பக்கம்... அந்தத் தாய் தன் பாலையே சந்தேகப்படும்படி செய்துவிட்டோமே என்ற உறுத்தல் இன்னொரு பக்கம்.

சில நாள் கழித்து, ஆய்வுக்கூட வாசலில் அவன் நனைந்துகொண்டு நின்றான். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது.

"புட்டிப்பால் கொடுத்தது நான்தான்."

அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"அக்காவுக்கு ராத்திரியில தூக்கமே இல்ல. மதியம் பன்னு அழுதா எழுப்ப மனசு வரல... பவுடர் பால் கரைச்சுக் கொடுத்துட்டேன். தினமும். நீங்க கேட்டதும் வசமா மாட்டிக்கிட்டேன். அதான் உங்க மேல பாஞ்சேன்."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன். முதுகுல ஒண்ணு வச்சாங்க. அப்புறம் ஒரே அழுகை... தன் பால்ல குறை இல்லங்கிற நிம்மதியில." அவன் குரல் தணிந்தது. "பன்னுவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நல்லாத்தான் இருக்கான். வயித்துல குடிவந்த கூட்டம் வேற மாதிரி இருக்கு, அவ்வளவுதான். ஆனா இந்த ஆய்வுல அவனை மறுபடி சேர்த்துக்க முடியாது."

அவளுக்குக் கோபம் இருந்த இடமே தெரியவில்லை. பாசக்காரன்... கொஞ்சம் மக்கு.

"தெரியும்," என்றான். "உண்மையச் சொன்னா நீங்க திரும்பி வர வழியே இருக்காது. சொல்லலேன்னா அக்கா அழுதுக்கிட்டே இருப்பாங்க. இத்தனை நாள் தவிச்சது அதுக்குத்தான். சொன்னதோட இதையும் சொல்லிடறேன்... உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. வாரா வாரம் அந்த ஒரு மதியத்துக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

மழை கொட்டியது. அவள் கன்னம் சிவக்க, தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"ஆய்வுக்கு மாசத்துக்கு ஒரு தடவ வந்தா போதும்... வாரா வாரம் வந்தது, நானா வந்தது."