டி டிரைவைத் தொட்ட கை

திங்கட்கிழமை காலை கணினி பழுதுபார்க்கும் கடையின் ஷட்டரை உதவியாளன் அமலன் பாதி தூக்கும்போதே பானுப்ரியா குனிந்து உள்ளே வந்துவிட்டாள். பின்னாலேயே ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தம்பி விக்னேஷ்குமார். எரியோட்டைச் சுற்றியுள்ள முந்நூறு கிணறுகளின் நீர்மட்டத்தை நான்கு வருடம் அளந்து அவள் எழுதிய ஆய்வேடு மடிக்கணினியின் டி டிரைவில் இருந்தது. மறுநாள் ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். நேற்றுச் சாயங்காலம் திறந்தபோது டிரைவ் திறக்கவில்லை. ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. வேறு பிரதி என்று இருந்ததோ ஆறு மாதம் பழையது.

உடன் ஆய்வு செய்யும் கிளெமென்ட்தான் காரணம் என்றாள். சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் அரைமணி நேரம் கணினியை வாங்கி, பென் டிரைவைச் செருகியவன் அவன் ஒருவனே. அமலனுக்கு அதுவே போதும். அப்போதே அவனைக் கூப்பிட்டு விசாரிக்கத் துடித்தான்.

கடைக்காரி நர்கீஸ் எதற்கும் அவசரப்படவில்லை. கணினியை மேசையில் வைத்து இயக்கினாள். திரையின் மூலையில் மணி 5.10. சுவர்க் கடிகாரத்தில் 10.40. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, நிலைகொள்ளாமல் நடந்த அமலனின் காலில் சார்ஜர் வயர் இடறியது. திரை சட்டென்று அணைந்தது. அவன் பதறி வயரைத் திரும்பச் செருகினான்.

பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது என்றாள் பானுப்ரியா.

நர்கீஸ் கணினியின் வன்வட்டைக் கழற்றி, முதலில் அதை முழுக்க வேறொன்றில் நகலெடுக்க வைத்தாள். நகலில் மட்டும்தான் கை வைப்பாள். காத்திருந்தபோது விக்னேஷ்குமார் மெல்லக் கேட்டான்:

"பாதில நின்னது போக, மிச்சமாச்சும் தப்பிச்சிருக்குமாக்கா?"

பார்ப்போம் அப்பு என்ற நர்கீஸ், ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று பானுப்ரியாவிடம் விசாரித்தாள். அகரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாளாம். திரும்பி வந்தபோது வீட்டில் கரண்ட் இல்லை, மாவாட்டக்கூட முடியவில்லையாம், சாயங்காலம்தான் வந்ததாம். சனிக்கிழமை இரவு சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிட்டது, ஒரு வரிகூடச் சேமிக்க முடியவில்லை என்று வீட்டில் அழுததையும் சொன்னாள்.

செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் கடையில் இருந்தார்கள். அமலன் போன் செய்து வரவழைத்த கிளெமென்டின் முகம் இறுகியிருந்தது. பானுப்ரியா அவனைப் பார்க்கவே இல்லை.

நர்கீஸ் சொன்னாள்: "கடிகாரம் சரியா அஞ்சரை மணி நேரம் பின்னால இருந்துச்சு. நம்ம நேரத்துக்கும் லண்டன் கிரீன்விச் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். விண்டோஸுக்குப் பதிலா பென் டிரைவ்ல இருந்து லினக்ஸ்ல இயக்குனா, அது கிரீன்விச் நேரத்தத்தான் உள்ள எழுதி வைக்கும்."

"பென் டிரைவ்தானேக்கா, நான் சொல்லல?" என்றான் அமலன்.

"செத்த இரு. டி டிரைவ்ல ஒரே பக்கங்கள் ரெண்டு எடத்துல இருக்கு, சரியா நாப்பது ஜிபி தள்ளி. யாரோ டி டிரைவ அப்படியே வலப்பக்கம் நகத்தியிருக்காங்க. நகத்துனா எங்க எடம் கெடைக்கும்? நெறஞ்சு கெடந்த சி டிரைவுக்குப் பக்கத்துல. கெடுக்க நெனச்சவன் அழிச்சிட்டுப் போயிருப்பான். இது எடம் பண்ணிக் குடுக்க நெனச்ச ஆளு. அம்புட்டையும் நகத்தப் பல மணி நேரம் ஆகும், அரைமணி பத்தாது. நடுவுல ஞாயித்துக்கெழம கரண்ட் போச்சு. பேட்டரி இல்லாத கணினி அங்கேயே நின்னுருச்சு."

அமலனுக்கு அப்போதுதான் உறைத்தது. திறக்கவில்லை என்றுதான் பானுப்ரியா சொல்லியிருந்தாள். பாதியில் நின்றது என்று முந்தின நாள் விக்னேஷ்குமார் கேட்டதை வேறு யாருமே சொல்லவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். விக்னேஷ்குமார் ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான்.

"நீ அழுததப் பாத்துட்டுத்தான் செஞ்சேன்க்கா," என்றான் தம்பி. "கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்னு நெனச்சேன். நீ கிளெமென்ட் அண்ணன் பேரச் சொன்னதும் வாய் தெறக்க தைரியம் வரல."

நர்கீஸ் விசையைத் தட்டினாள். நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, மீதியை அவளே நகர்த்தி முடித்திருந்தாள். டி டிரைவ் திறந்தது. பானுப்ரியா ஒவ்வொரு கோப்பாகத் திறந்தாள். முந்நூறு கிணறும் இருந்தன.

அவள் எழுந்து கிளெமென்டின் முன்னால் போய் நின்றாள். "உங்க மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

"முதல்ல போய்க் குடுத்துட்டு வாங்க. மணி மூணரை," என்றான் அவன். கோபம் முழுதாகத் தணியவில்லை. ஆனாலும் கதவை அவன்தான் திறந்து பிடித்தான்.

விக்னேஷ்குமார் தலையைக் குனிந்தபடி சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். பானுப்ரியா கணினியைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஒரு நொடி யோசித்தாள். பிறகு பையைத் தம்பியின் தோளில் மாட்டிவிட்டு, வண்டிச் சாவியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.