சாய்ந்தாள் மெர்ல்!

"ஐயோ... அடியில ஆளு இருக்கு!"

தெல்மாவின் அலறலில் பென்னிகட் படகுப் பட்டறையே உறைந்தது.

முற்றத்தில் 'மெர்ல்' ஒருக்களித்துக் கிடந்தாள். அறுபது வயதான ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகு. அவளுக்கு அடியிலிருந்து இரண்டு ரப்பர் பூட்ஸ்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அசையவில்லை!

பூட்ஸ்களுக்குச் சொந்தக்காரர் கிளேட்டன் பீல். அமெரிக்காவின் அந்த மெய்ன் கடற்கரையில், படகுகளைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்து எங்கே உளுத்திருக்கிறது என்று சொல்லும் பரிசோதகர்.

கிரேன் தூக்கியது. கிளேட்டனுக்கு மூச்சு இருந்தது... கொஞ்சமே கொஞ்சம். ஆம்புலன்ஸ் பறந்தது.

துப்பறியும் அதிகாரி லோர்னா பைக் வந்து இறங்கியபோது, மெர்ல் படகின் உரிமையாளரும் தெல்மாவின் கணவருமான எவரெட் ஸ்ப்ரேக், கவிழ்த்த பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை.

"எவரெட்... என்ன நடந்துச்சு?"

"நான்தான் செஞ்சேன்."

"என்னது?!"

"முட்டுக்காலை உருவிட்டேன். படகு அவன் மேல சாஞ்சுடுச்சு. விலங்கை எடும்மா."

கரையேற்றிய படகு அடிக்கட்டையில் நிற்கும். சாயாமல் பிடித்துக்கொள்வது இரு பக்கமும் கொடுத்திருக்கும் இரும்பு முட்டுக்கால்கள்தான்.

"ஏன் உருவினீங்க?"

"அஞ்சு குளிர்காலம் இவளுக்காக உயிரைக் கொடுத்தேன். கொப்புளம் கொப்புளமா தோண்டி அடைச்சேன். மேல்தளத்துக்குள்ள ஊறிப்போன மரத்தைப் புடுங்கிட்டுப் புதுசு வச்சேன். அவன் வந்து ரெண்டு தட்டு தட்டிட்டு, 'இன்னும் தொப்புன்னுதான் கேக்குது, உள்ள உளுத்துத்தான் கிடக்கு'ன்னான். கோவம் வந்துடுச்சு!"

"பொய்!" தெல்மா பாய்ந்தாள். "காலையில ரெண்டு பேரும் ஒரே பெட்டியில டோனட் தின்னுக்கிட்டு இருந்தீங்க! வாயை மூடு எவரெட்!"

"நீ உள்ள போ, தெல்மா."

"உள்ள போகப்போறது நீதான்! அதுவும் வருஷக்கணக்கா!"

லோர்னா படகைச் சுற்றி வந்தாள். கடல் காற்று காதை அறுத்தது. படகின் மேல் மூடியிருந்த தார்ப்பாய் படபடத்தது. அதன் ஓரத்து வளையத்தில் நீலக் கயிறு ஒன்று... பாதியில் அறுபட்டு!

முட்டுக்காலோ தூரத்தில் கிடந்தது. கையால் உருவியது அவ்வளவு தூரம் போகுமா?

"எவரெட், கோட்டுப் பையைக் காலி பண்ணுங்க."

"எதுக்கு?"

"பண்ணுங்க!"

அவர் முகம் வெளிறியது. பையிலிருந்து வந்தது... ஒரு துண்டு நீலக் கயிறு. முடிச்சு அவிழாமல்!

லோர்னாவும் அந்தத் துறைமுகத்தில் பிறந்தவள்தான். புரிந்துவிட்டது.

"எவரெட்... தார்ப்பாயை முட்டுக்கால்லயா கட்டினீங்க?!"

"மெதுவா பேசும்மா!"

கொலைப் பழியை உரக்க ஏற்ற குரல், இப்போது கிசுகிசுப்பாக இறங்கியது.

தார்ப்பாய் காற்றில் உப்பினால் முட்டுக்காலை இழுத்துக்கொண்டு போய்விடும். படகு வாங்கும் எந்தப் புதியவனுக்கும் முதலில் சொல்வது இதைத்தான். பட்டறை வாசலில் இதைப் பலகையில் எழுதி மாட்டியவரே எவரெட்!

"போன மாசம் பாஸ்டன் பல் டாக்டர் ஒருத்தர் இதைச் செஞ்சாரு. எல்லாரும் பாக்கக் கத்தினேன். பாவம், அழுதுட்டாரு. நேத்து சாயங்காலம் மழை... கை விறைச்சுப்போச்சு... இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானேன்னு..." கண்களைத் துடைத்தார். "கிரேன் வர்றதுக்குள்ள அறுத்து ஒளிச்சுட்டேன். எந்த முகத்தோட இங்க நடமாடுவேன்? கொலைகாரன்னே எழுதிக்கோ."

"ஜெயில் எவரெட்!"

"பரவாயில்ல. அங்க படகுக்காரன் எவனும் இருக்க மாட்டான்."

லோர்னாவின் போன் அலறியது!

மருத்துவமனை. கிளேட்டனுக்கு நினைவு திரும்பிவிட்டது. காலும் விலாவும் முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை.

எவரெட் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

லோர்னா போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டாள். "கிளேட்டன், என்ன நடந்துச்சு?"

"எவரெட்தான்! முட்டுக்காலை உருவிட்டான்! கொலை முயற்சி! பிடிச்சு உள்ள போடு!"

தெல்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எவரெட்டின் முகம் மலர்ந்தது! "பாத்தியா? அவனே சொல்றான்!"

"கிளேட்டன்..." லோர்னா நிதானமாகச் சொன்னாள். "கயிறு என் கையில இருக்கு."

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

"...முடிச்சோடவா?"

"முடிச்சோட. அடியில போறதுக்கு முன்னாடி நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்." குரல் சுருங்கியது. "எவரெட் கட்டினதாச்சே, தப்பா இருக்காதுன்னு குனிஞ்சு உள்ள போயிட்டேன். அடுத்தவன் படகுல குறை கண்டுபிடிக்கிறதே என் பொழப்பு. இது தெரிஞ்சா எவன் என்னைக் கூப்பிடுவான்? தயவுபண்ணி... கொலை முயற்சின்னே வச்சுக்கோம்மா."

"என்னை நம்பியாடா போனே?" எவரெட்டின் தலை மறுபடி கவிழ்ந்தது.

லோர்னா இடுப்பிலிருந்த விலங்கைத் தொடவே இல்லை.

"கட்டினவரும் கொலைங்கறாரு... நசுங்கினவரும் கொலைங்கறாரு... அட, நான் ஒருத்திதான்யா இங்க எதிர்க்கட்சி!"