பத்து நாள் பழகிய வளையம்

படுத்த மாத்திரத்தில் நெஞ்சுக்குக் கீழே சுரீரென்று ஓர் இழுப்பு. மங்கையர்க்கரசி பதறி எழுந்து உட்கார்ந்தாள். மூன்று வருடமாக நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூக்கம். விதான வளையம் பொருத்திய பிறகும் பாயில் முதுகைச் சாய்க்க முடியாதென்றால் இத்தனை பாடும் எதற்கு? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்க ஒரு துவாரம் உண்டு. அவளுக்கு அது தளர்ந்து, இரைப்பையின் மேல்பகுதி மார்புக்குள் ஏறிவிட்டது. படுத்தால் அமிலம் தொண்டை வரை எரித்துக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் வயிற்றில் துளை போட்டுத் தைப்பார்களாம். இப்போது ஒரு தையற்குளிகையை விழுங்கினால் போதும். அதுவே இரைப்பையைக் கீழே இறக்கி, துவாரத்தைத் தைத்து, வளையமாக அங்கேயே தங்கிவிடும். முதல் பத்து நாள் உடம்பின் பழக்கங்களைக் கற்கும். பிறகு பழக்கமில்லாத எதைச் செய்தாலும், தையல் பிரிந்துவிடுமோ என்று இழுத்து எச்சரிக்கும்.

மருத்துவமனையில் டாக்டர் ஷமீமா ஸ்கேன் படத்தை உற்றுப் பார்த்தார்.

"தையல் கெட்டியாத்தானே இருக்கு! அந்தப் பத்து நாள் எப்படிம்மா இருந்தீங்க?"

"பத்தியமாத்தான் டாக்டர். ஆறு மணிக்கே ரெண்டு இட்லி. காப்பியத் தொடல. நாற்காலியிலதான் தூங்கினேன்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாதாரணமா இருங்கன்னுதானே சொன்னேன்! உங்க பயத்தையெல்லாம் பழக்கம்னு நெனச்சு அது படிச்சு வச்சிருக்கு. உங்களுக்கு நோயே இல்லம்மா."

மங்கையர்க்கரசிக்கு உடம்பே லேசாகிவிட்டது. "நெஜமாவா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

வளையத்தின் நினைவை அழித்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இன்னும் பத்து நாள் பிடிச்சதச் சாப்பிடுங்க. நல்லா படுத்துத் தூங்குங்க."

இந்த முறையும் அவள் சொல் தட்டவில்லை. மதியம் வத்தக்குழம்பு, பிறகு நாலு மணி வரை பாயில் நெடுஞ்சாண்கிடை. எரிச்சல் இல்லை, இழுப்பு இல்லை. பாத்திரங்களைக் கணவர் அறவாழி முணுமுணுக்காமல் பார்த்துக்கொண்டார். பத்து நாள்தானே!

பதினோராம் நாள் மதியம் சாப்பிட்டு முடித்துத் தட்டுகளை எடுக்க எழுந்தாள். சுரீரென்று இழுத்தது. படுத்தாள், விட்டது. எழுந்தாள், மறுபடி இழுத்தது.

அறவாழி பதறிப்போனார். "டாக்டர்கிட்டப் போய் மாத்திட்டு வந்துரலாமா அரசி?"

அவள் தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எதுக்குங்க வீண் அலைச்சல்? அந்தக் கல்சட்டிய மட்டும் மெஷின்ல போட்டுடாதீங்க. கையாலதான் தேய்க்கணும்."